உங்கள் பிள்ளையைப் பார்க்கத் தெரிந்த இரண்டாவது ஆள் யார்?

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு வயது 34. மகனுக்கு ஆறு வயது. மூன்று வயதில் ஓட்டிசம் என்று சொன்னார்கள். நாலைந்து சொற்கள்தான் பேசுவான். இரவு ஒரு மணி, இரண்டு மணி வரை நித்திரை கொள்ளமாட்டான். படலை திறந்திருந்தால் வாய்க்கால் பக்கம் ஓடிவிடுவான். கணவர் கொழும்பில் மேசன் வேலை செய்கிறார்; மாதத்தில் ஒருமுறை வருவார். மாமி எங்களோடு இருக்கிறார். நான் கர்ப்பமாக இருந்த காலம் முழுவதும் அழுதபடியால்தான் பிள்ளை இப்படிப் பிறந்தது என்பது அவருடைய எண்ணம். பத்து வயது மகள்தான் எனக்கு உதவி. இறுதி யுத்தத்தில் தம்பியை இழந்தவள் நான். மகன் வீரிட்டுக் கத்தும்போது எனக்குக் கைகால் நடுங்குகிறது. கிளினிக்கில் "உங்களையும் கவனித்துக்கொள்ளுங்கள் அம்மா" என்கிறார்கள். எப்படி என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் பிள்ளையும் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நிம்மதி என்று சில இரவுகளில் தோன்றுகிறது. எனக்கென்று நேரம் எடுப்பது பிழையா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்கு விடை சொல்வதற்கு முன்னர், அதற்கு முந்திய வரியைப் பற்றிப் பேசவேண்டும். நீங்களும் பிள்ளையும் இல்லாமல் போனால் நிம்மதி என்ற எண்ணம், நீண்ட காலம் நித்திரையின்றித் தனியே பாரம் சுமக்கும் பெற்றோர் பலருக்கு வருவதுண்டு. அதனால் நீங்கள் கெட்ட தாய் ஆகிவிடமாட்டீர்கள். ஆனால் அது களைப்பினால் வந்தது, தானாகப் போய்விடும் என்று விட்டுவிடக்கூடிய எண்ணமும் அன்று. இந்த வாரத்துக்குள் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குச் சென்று, உளநலப் பிரிவின் வைத்தியரிடம் எனக்கு எழுதிய அதே வரியை அப்படியே சொல்லுங்கள். அதற்குப் பணம் தேவையில்லை. இரவில் அந்த எண்ணம் எழுந்தால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். எப்படி, எப்போது என்று மனம் திட்டமிடத் தொடங்கினால் மாமியை எழுப்பி, பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு, 1990 அம்புலன்ஸை அழையுங்கள். அந்த நேரத்தில் தனியே இருக்கவேண்டாம். வயலுக்கு அடிக்கும் மருந்து வீட்டிலோ வளவிலோ இருந்தால், அதை இன்றைக்கே உறவினர் வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். காரணம் சொல்ல விருப்பமில்லையென்றால், மகன் எடுத்துவிடுவான் என்று சொல்லுங்கள், அதுவும் உண்மைதான்.

இனி உங்கள் கேள்வி. பிழையில்லை. பிள்ளைக்கு உதவும் என்பதற்காக மட்டும் உங்களைப் பேணச் சொல்லவில்லை. 34 வயதில் பசியும் நித்திரையும் துக்கமும் உள்ள ஒரு மனுஷியாக உங்களுக்கு அது உரியது. ஆயினும் கிளினிக்கில் சொல்லப்பட்ட அறிவுரை உங்களுக்கு ஏன் கசந்தது என்பது எனக்கு விளங்குகிறது. பிள்ளையை ஒரு நிமிடம்கூட வேறொருவர் கையில் விடமுடியாத ஒருவரிடம், உங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது, ஏற்கெனவே நிரம்பிய நாளில் இன்னொரு கடமையைச் சேர்ப்பதாகவே முடியும். ஓய்வு எடுக்கத் தெரியாமல் நீங்கள் தவிக்கவில்லை. உங்கள் மகனைப் பார்க்கத் தெரிந்த இரண்டாவது ஆள் வீட்டில் இல்லை. ஆகவே இந்தப் பதிலின் பெரும்பகுதி அந்த ஆளை உருவாக்குவது பற்றியதாக இருக்கும்.

அதற்குத் தடையாக நிற்பது மாமியின் சொல்லும், அதை உள்ளூர நம்பத் தொடங்கிவிட்ட உங்கள் மனமும் ஆகும். குற்றவாளி என்று தன்னை நினைப்பவர் உதவி கேட்பதில்லை. தண்டனையை அனுபவிப்பதுபோல எல்லாவற்றையும் தானே செய்வார். கர்ப்ப காலத்தில் நீங்கள் அழுததால் மகனுக்கு ஓட்டிசம் வரவில்லை. நீங்கள் வளர்த்த விதத்தினாலோ, கையில் போன் கொடுத்ததனாலோ, தடுப்பூசி போட்டதனாலோ வரவுமில்லை. தாயைக் குற்றம் சொல்லும் பழக்கம் எங்கள் ஊருக்கு மட்டும் உரியதன்று. 1950 களிலும் 1960 களிலும் மேல்நாட்டு மருத்துவர்கள் பலரே, தாயின் அன்பு போதாமையால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று எழுதினார்கள். ஓட்டிசம் உள்ள மகனின் தந்தையான பேர்னாட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் 1964 இல் அதைச் சான்றுகளோடு மறுத்தார். 1977 இல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்து, இதில் பரம்பரை அலகுகளுக்குப் பெரும் பங்கு இருப்பதைக் காட்டினார்கள். அதன் பின்னர் வந்த ஆய்வுகள் அதை மேலும் உறுதிசெய்தன. மாமியோடு வாதாடி இதை நிறுவ முயலவேண்டாம். அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிச்சென்று, வைத்தியர் வாயால் ஒருமுறை கேட்கவையுங்கள். பேரனை நினைத்து அவரும் பயந்துபோயிருக்கிறார். பயத்துக்குக் காரணம் தேடும்போதுதான் பக்கத்தில் இருப்பவர்மீது விரல் நீள்கிறது.

மகன் கத்தும்போது கைகால் நடுங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதை உங்கள் பலவீனமென்று எண்ணவேண்டாம். 2009 இல் நீங்கள் பதினெட்டு வயதை அண்டிய பிள்ளை. அந்த மாதங்களில் கேட்ட அலறல்களை உடம்பு மறக்கவில்லை. ஓட்டிசம் உள்ள உங்கள் மகனுக்குச் சத்தமும் வெளிச்சமும் நெரிசலும் தாங்கமுடியாமல் போகும்போது அவன் வீரிடுகிறான். அந்த வீரிடல் உங்களைப் பழைய இடத்துக்கு இழுத்துச் செல்கிறது. நீங்கள் பதறுவதைக் கண்டு அவன் மேலும் பதறுகிறான். வன்னி மக்களின் கூட்டு மனவடுவைப் பற்றி 2010 இல் எழுதிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், யுத்தம் தனி மனங்களை மட்டுமன்றிக் குடும்பத்தையும் அயலையும் ஊரையும் பிணைத்திருந்த இழைகளையும் குலைத்ததை விரிவாகக் காட்டினார். முன்னர் பிள்ளை அழுதால் தூக்கிக்கொண்டு போக நான்கு வீடுகள் இருந்தன. இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, மீளக்குடியேறிய பின்னர், அந்த வீடுகளில் சில வெறுமையாகவும் சில தம் சொந்தத் துயரத்தோடும் இருக்கின்றன. உங்கள் தனிமைக்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

ஓட்டிசம் உள்ள, வளர்ந்த பிள்ளைகளின் தாய்மாரை அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் மார்ஷா செல்ட்சரும் குழுவினரும் ஆராய்ந்தபோது, உடல் அழுத்தத்துக்கு ஈடுகொடுக்கச் சுரக்கும் கோர்ட்டிசோல் அவர்களில் தாழ்ந்திருந்தது. நெடுநாள் அழுத்தத்தில் வாழ்ந்தவர்களிடமும், போர்முனையில் இருந்த படையினரிடமும் காணப்படும் நிலையோடு அதை ஒப்பிட்டார்கள். அந்த அமெரிக்கத் தாய்மார் போரைக் கண்டவர்கள் அல்லர். உங்கள் உடம்போ இரண்டையும் தாங்கியிருக்கிறது. ஆகையால் உளநல வைத்தியரிடம் பிள்ளையின் கதையை மட்டும் சொல்லி நிறுத்திவிடாமல், தம்பியின் கதையையும், கெட்ட கனவு வருவதுண்டா என்பதையும், எந்தச் சத்தம் உங்களைத் திடுக்கிடவைக்கிறது என்பதையும் சொல்லுங்கள். இத்தனை ஆண்டுகள் சென்ற பின்னரும் மனவடுவுக்குச் சிகிச்சை உண்டு.

அதுவரைக்கும் ஒரு சிறு வழி. மகன் கத்தத் தொடங்கியதும் அவனைச் சமாதானப்படுத்த அவசரப்படாதீர்கள். அவன் தலையில் இடிபடக்கூடியதையும், கையில் எடுத்து எறியக்கூடியதையும் விலக்கிவிட்டு, ரேடியோவையும் டிவியையும் நிறுத்திவிட்டு, அவனைக் காணக்கூடிய தூரத்தில் நிலத்தில் இருங்கள். இரு பாதங்களையும் நிலத்தில் அழுத்தி, மூச்சை உள்ளே எடுப்பதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். கண்ணில் படும் பொருட்களின் பெயர்களை மனதுக்குள் சொல்லுங்கள்: தூண், குடம், பாய். இது எந்த ஆண்டு, எந்த வீடு என்பதை உடம்புக்கு அது நினைவூட்டும். அவனோடு அந்நேரத்தில் பேசாமல் இருப்பது கல்மனம் ஆகாது. சொற்களும் அப்போது அவனுக்குச் சத்தமே.

இனி இரண்டாவது ஆள். நான் முதலில் நினைப்பது மாமியைத்தான். மனத்தாங்கல் இருக்கும்போது இது கடினமான யோசனை என்பதை அறிவேன். ஆனால் அவர் வீட்டில் இருக்கிறார், பேரன்மீது பாசம் உள்ளவர், அவனுக்கும் அவருடைய குரல் பழக்கம். எல்லாவற்றையும் கேட்காமல் ஒன்றைக் கேளுங்கள். பின்னேரக் குளிப்பாட்டலை எடுத்துக்கொள்வோம். முதல் சில நாட்கள் நீங்கள் குளிப்பாட்ட, அவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். பிறகு அவர் செய்ய, நீங்கள் நில்லுங்கள். தலையில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னர் கையில் ஊற்றிக்காட்டவேண்டும், துவாயை அழுத்தித் துடைக்கவேண்டும், மெதுவாகத் தடவினால் அவனுக்குப் பிடிக்காது என்பன போன்று உங்களுக்கு மட்டும் தெரிந்த நுணுக்கங்கள் பல இருக்கும். அவற்றைத்தான் கைமாற்றவேண்டும். ஒரு கொப்பித் தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: காதைப் பொத்தினால் என்ன வேண்டும், கையைப் பிடித்து இழுத்தால் என்ன கேட்கிறான், அழுதால் எதைக் கொடுத்துப் பார்க்கலாம், எதைச் செய்யவே கூடாது. மாமி தவறாகச் செய்யும்போது உடனே பாய்ந்து வாங்கிக்கொள்ளாதீர்கள். உங்களுக்கும் இந்த அறிவு ஒரு நாளில் வரவில்லை.

அவர் பழகியதும் நீங்கள் இருபது நிமிடம் வெளியே போங்கள். மகனுக்குச் சொல்லாமல் ஒளித்துப் போகவேண்டாம். ஒருமுறை காணாமல் போனால் அடுத்தமுறை அவன் உங்கள் சேலைத் தலைப்பை விடமாட்டான். உங்கள் படத்தையும் படலையின் படத்தையும் காட்டி, "அம்மா போய் வருவேன்" என்று ஒவ்வொரு முறையும் அதே சொற்களில் சொல்லிவிட்டுப் போய், சொன்னபடி திரும்பி வாருங்கள். இருபது நிமிடம் நாளடைவில் ஒரு மணித்தியாலம் ஆகும், பிறகு அரை நாளாகும். மாமிக்கு உடல்நலம் இடங்கொடாவிட்டால், கணவரின் சகோதரி, உங்கள் ஒன்றுவிட்ட அக்கா, வேலியின் மறுபுறத்து வீட்டார் என்று யாராவது ஒருவரிடம் இதே முறையில் தொடங்குங்கள். அப்படிக் கிடைக்கும் முதல் மணித்தியாலத்தைச் சட்டிபானை கழுவுவதில் செலவழிக்காதீர்கள் என்பது எனது வேண்டுகோள். நித்திரை கொள்ளுங்கள், அல்லது உங்களுக்கு விருப்பமான ஒருவரோடு இருந்து கதையுங்கள்.

இரண்டாவது ஆள் உங்கள் மகளாக இருக்கக்கூடாது. பத்து வயதுப் பிள்ளை தம்பிக்குப் பந்து எறிந்து விளையாடலாம், தண்ணீர் எடுத்துக் கொடுக்கலாம். அவனுக்குக் காவல் இருப்பது அவள் கடமை ஆகிவிட்டால், படிப்பையும் சிநேகிதிகளையும் இழப்பதோடு, அவனுக்கு ஏதும் நடந்தால் தான்தான் காரணம் என்ற பாரத்தையும் அவள் சுமப்பாள். வாரத்தில் ஒரு நேரம் அவளோடு மட்டும் இருங்கள். தலைவாரிப் பின்னிவிடும் நேரம்கூடப் போதும். அது உங்களுக்கும் இதமாக இருக்கும்.

கணவர் மாதம் ஒருமுறை வரும் அந்த ஓரிரு நாட்களில் அவருக்கு ஓய்வு வேண்டும் என்று நீங்கள் மகனை வெளியே கூட்டிக்கொண்டு திரிவீர்கள் என ஊகிக்கிறேன். பல வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது. அவர் வரும் முதல் இரவை நீங்கள் முழுமையாக நித்திரை கொள்ளும் இரவாக இருவரும் பேசித் தீர்மானியுங்கள். மகனோடு விழித்திருப்பது அன்று தந்தையின் பொறுப்பு. பணம் அனுப்புகிறவருக்குத் தன் பிள்ளையின் இரவு எப்படி இருக்கும் என்று தெரியவேண்டும். தெரிந்தால், போனில் நீங்கள் சொல்வதைக் கேட்கும் விதமும் மாறும். இதை அவரிடம் சொல்லச் சங்கடமாக இருந்தால், இந்தப் பத்தியை அவருக்கு வாசித்துக்காட்டுங்கள்.

உங்கள் நித்திரையைக் கெடுப்பவை இரண்டு: மகன் விழித்திருப்பது, அவன் ஓடிவிடுவான் என்ற பயம். பயத்துக்கு முதலில் பரிகாரம் செய்வோம், ஏனெனில் அது நியாயமான பயம். அமெரிக்காவில் 2012 இல் வெளியான ஓர் ஆய்வில், ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் நான்கு வயதுக்குப் பின்னர் ஒருமுறையாவது பாதுகாப்பான இடத்தைவிட்டு ஓட முயன்றதாகப் பெற்றோர் தெரிவித்தார்கள். அப்படி ஓடும் பிள்ளைகளைத் தண்ணீர் ஈர்ப்பதே பெரிய ஆபத்து. குளமும் வாய்க்காலும் கட்டில்லாத கிணறும் நிறைந்த எங்கள் பகுதியில் இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். வீட்டுக் கதவிலும் படலையிலும் அவன் கைக்கு எட்டாத உயரத்தில் கொளுக்கி போடுங்கள். படலையில் ஒரு மணியைக் கட்டுங்கள். கிணற்றுக்குக் கட்டு இல்லையென்றால் கணவரின் கைத்தொழிலுக்கு முதல் வேலை அதுதான். அதுவரை வலையாலோ பலகையாலோ மூடிவையுங்கள். வாய்க்கால் வழியில் உள்ள வீட்டாரிடமும் கடைக்காரரிடமும், இவன் தனியே வருவதைக் கண்டால் பிடித்து வைத்துக்கொண்டு அழைக்குமாறு சொல்லி, உங்கள் போன் இலக்கத்தைக் கொடுத்துவையுங்கள். அவனைக் காணவில்லையென்றால் முதலில் தண்ணீர் உள்ள இடத்துக்கு ஓடுங்கள். வீட்டுக்குள் தேடுவது பிறகு.

நித்திரையைப் பொறுத்தவரை, பகலில் நீண்ட நேரம் படுக்கவிடாமல், காலையில் ஒரே நேரத்தில் எழுப்பி வெயிலில் சிறிது நேரம் விளையாடவிட்டு, படுப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே போனையும் டிவியையும் நிறுத்தி, குளிப்பு, சாப்பாடு, விளக்கணைப்பு என்ற ஒழுங்கை மாற்றாமல் வைத்திருங்கள். ஒரு மணிக்கு உறங்குபவனை எட்டு மணிக்குப் படுக்கவைக்க முயன்றால் இருவருக்கும் அழுகைதான் மிஞ்சும். சில நாட்களுக்கு ஒருமுறை கால் மணித்தியாலம் முன்னே நகர்த்துங்கள். மலச்சிக்கல், பல்வலி, இரும்புச்சத்துக் குறைவு ஆகியவற்றாலும் பேசமுடியாத பிள்ளை இரவில் விழித்திருப்பான் என்பதால் அவற்றைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மெலட்டோனின் என்ற மருந்து சில பிள்ளைகளுக்குப் பயன்படும்; அதைத் தீர்மானிக்கவேண்டியவர் வைத்தியர். தடிமனுக்குக் கொடுக்கும் பாணி மருந்தையோ பெரியவர்களின் நித்திரைக் குளிசையையோ கொடுக்கவே வேண்டாம்.

உங்கள் உடம்பைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. பிள்ளையின் கிளினிக் கொப்பி ஒழுங்காக இருக்கும், உங்களுடையது எங்கே? இரத்தச்சோகை, தைரொயிட் குறைபாடு, நீரிழிவு ஆகிய மூன்றும் களைப்பையும் மனச்சோர்வையும் கூட்டக்கூடியவை. சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். உங்களுக்கு அடுத்த ஆண்டு 35 வயது. அந்த வயதில் பெண்களுக்கு நடத்தப்படும் வெல் வுமன் கிளினிக்கில் இரத்த அழுத்தம், மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றை இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள்; குடும்ப நல உத்தியோகத்தரிடம் திகதி கேளுங்கள். மகனுக்குத் தீத்திவிட்டு மிஞ்சியதை நின்றபடி வாயில் போடுவது சாப்பாடு ஆகாது. ஒரு நாளில் ஒரு வேளையாவது கோப்பையில் போட்டு, இருந்து சாப்பிடுங்கள்.

மகன் பாடசாலையின் விசேட கல்வி அலகுக்குப் போவதாயின், அங்கே பிள்ளையை விட்டுவிட்டு மரநிழலில் காத்திருக்கும் மற்றத் தாய்மாரைக் கவனித்திருப்பீர்கள். ஒரு நிபுணர் தரக்கூடியதைவிட அதிகம் அவர்களிடம் இருக்கலாம். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் டைகன்ஸ் குழுவினர் 2014 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஓட்டிசமும் வேறு வளர்ச்சிக் குறைபாடுகளும் உள்ள பிள்ளைகளின் 243 தாய்மார், வாரத்தில் ஒன்றரை மணித்தியாலம் வீதம் ஆறு வாரம் கூடினார்கள். ஒரு குழு மூச்சையும் உடலையும் கவனித்து அமைதிபெறப் பழகியது. மற்றக் குழு குற்றவுணர்வையும் கவலையையும் கையாளப் பழகியது. அந்த வகுப்புகளை நடத்தியவர்கள், அதேபோன்ற பிள்ளைகளை வளர்க்கும், பயிற்சி பெற்ற தாய்மார். இரு குழுவினரிலும் மன அழுத்தமும் சோர்வும் பதற்றமும் குறைந்தன, நித்திரை சீரானது. உலக சுகாதார நிறுவனமும் இத்தகைய பிள்ளைகளின் குடும்பங்களுக்கென ஒன்பது குழுக் கூட்டங்களும் மூன்று வீட்டுத் தரிசிப்புகளும் கொண்ட பயிற்சியொன்றை வகுத்திருக்கிறது. பராமரிப்பவரின் நலனும் அதில் ஒரு பாடம். அப்படியொன்று உங்கள் பிரதேசத்தில் நடக்குமா என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் இரண்டு மூன்று தாய்மாராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள். ஒருவராகக் கேட்பதற்கும் பலராகக் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. பதில் வரும்வரை, வாரத்தில் ஒரு நாள் ஒருவர் மற்றவரின் பிள்ளையையும் சேர்த்துப் பார்ப்பது என்று நீங்களே முறைவைத்துக்கொள்ளலாம்.

பிரதேச செயலகத்தின் சமூக சேவைகள் உத்தியோகத்தரிடம் மகனின் வைத்திய அறிக்கையோடு சென்று, மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவுக்கு விண்ணப்பித்திருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முழுமையாகச் சுகப்படுத்தித் தருவேன் என்று பணம் கேட்பவரிடம், அவர் யாராக இருந்தாலும், நகையை அடகுவைத்துக் கொடுக்கவேண்டாம். வற்றாப்பளை அம்மனிடம் நேர்த்தி வைத்து மனம் ஆறுமென்றால் போய் ஆறுதல் பெறுங்கள். ஆனால் பேயோட்டுவதாகச் சொல்லிப் பிள்ளைக்கு அடிக்கவோ, புகைபோடவோ, பட்டினி போடவோ ஒருவரையும் விடாதீர்கள்.

கடிதத்தின் ஓரத்தில், அண்ணாவின் மகளுக்கு அடுத்த மாதம் சாமத்திய வீடு வருகிறது, இவனோடு போய் எல்லோர் முன்னிலையிலும் வெட்கப்படவேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். போங்கள். ஒலிபெருக்கி போடுவதற்கு முன்னர், காலையில் வீட்டார் மட்டும் இருக்கும் நேரத்தில் மகனையும் கூட்டிச்சென்று, அவன் தாங்கும் மட்டும் இருந்துவிட்டு, அவனை மாமியோடு வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அதற்கு முன்னர் உள்ள நான்கு வாரங்களும் மாமிக்குப் பழக்கக் காணும். அண்ணியிடம் இன்றைக்கே சொல்லிவையுங்கள்: ஓர் அறையை வெறுமையாக விடவேண்டும் என்றும், ஒருவரும் அவனைத் தூக்கிக் கொஞ்ச முற்படவேண்டாம் என்றும். பிறகு நீங்கள் மகளோடு அங்கேயே நின்று, பந்தியில் இருந்து சாப்பிட்டுவிட்டு, பின்னேரம் வீட்டுக்கு வாருங்கள்.